சாட்சிக்கு ஒரு டப்பா

ஓவனைத் திறந்தபோது சமையலறையில் இருந்தவர்கள்: இறந்துபோன ஜம்புநாதனின் மனைவி அம்புஜம். ஜம்புநாதனின் தம்பி சண்முகவேல். ஜம்புநாதனுடைய பழைய மேலதிகாரி டாக்டர் அனந்தராமன். அனந்தராமனின் மனைவி அனுசூயா. இவள் மட்டும் உள்ளே வராமல் நிலையருகே நின்றுகொண்டாள். ஜம்புநாதன் நான்கு தெரு தள்ளி, ஃப்யூனரல் ஹோமில், பட்டு வேட்டியோடு பெட்டிக்குள் கிடந்தார். பதினோரு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு.

ஓவன் கதவின் இடுக்கில் ஒரு மரக்கரண்டி செருகியிருந்தது. சூடு அளவுக்கு மேல் ஏறிவிடாமலிருக்க ஜம்புநாதன் கண்டுபிடித்த வழி அது. சண்முகவேல் கரண்டியை உருவிக் கதவைத் திறந்தான். கம்பித்தட்டின் நடுவில் மூடியில்லாத ஒரு சின்ன அலுமினிய டப்பா. அதற்குள் மண்.

"மூடியப் போட்டு ஆறவிடணும். ஆறினப்புறம்தான் நிறுக்கணும்" என்றாள் அம்புஜம்.

"எனக்குத் தெரியாதா, அம்புஜம்?" என்றார் அனந்தராமன்.

"உங்களுக்குத் தெரியும் சார். இந்த ஓவனுக்குத் தெரியாதுன்னுதானே சொன்னீங்க?"

சண்முகவேல் இடுக்கியால் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து மூடினான். பேஸ்மென்ட் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

ஜம்புநாதன் மண்ணின் ஈரத்தை அளந்தவர். ஒவ்வொரு வசந்தத்திலும் காரில் மேற்கே போவார். சஸ்காட்சுவான் கோதுமை வயல்களில் ஓர் ஆள் நெஞ்சளவு ஆழத்துக்குத் துளை போட்டு, அடுக்கடுக்காக மண் எடுப்பார். ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டு டப்பா. "ஒண்ணு காயறதுக்கு, ஒண்ணு சாட்சிக்கு" என்பார். முதல் டப்பாவை நிறுத்து, காயவைத்து, மறுபடி நிறுப்பார். குறைந்த எடைதான் ஈரம். இரண்டாவதை மெழுகால் அடைத்து, வருஷத்தையும் ஆழத்தையும் எடையையும் மேலே எழுதி, பேஸ்மென்ட் அலமாரியில் வைத்துவிடுவார்.

பல வருஷம் அளந்து அவர் சொன்னது ஒன்றுதான். மழை பெய்தால் மேல்மண் நனைகிறது, கோதுமை விளைகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அடிமண் வருஷத்துக்கு வருஷம் காய்ந்துகொண்டே போகிறது. நல்ல மழை வருஷத்தில்கூட அது நிரம்புவதில்லை. ஒரு வருஷம் மழை தவறினால் வேர் கீழே இறங்கித் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது.

அனந்தராமனின் நிறுவனத்துக்கு இந்தச் செய்தி பிடிக்கவில்லை. முதலில் ஆய்வுக்கூட ஓவனை ஜம்புநாதனுக்குத் தராமல் நிறுத்தினார்கள். அவர் வீட்டு ஓவனில் காயவைத்தார். வருஷக் கூட்டத்தில் அனந்தராமன் எழுந்து நின்று, இந்தக் கணக்கெல்லாம் ஒரு சமையலறையிலிருந்து வருகிறது, இதில் ஈரம் எவ்வளவு ரசம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை என்றார். அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு ரசம் என்றால் என்னவென்று தெரியாது. இருந்தும் சிரித்தார்கள். அந்த வருஷமே ஜம்புநாதனுக்கு வேலை போனது. அதன்பிறகு ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். லீவில் மேற்கே போவதை மட்டும் விடவில்லை.

இது எழுபத்தேழு மே மாதம். மேற்கே மழையில்லை. விதைத்த வயலில் புழுதி பறப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் ஜம்புநாதன் துளைபோடும் இரும்பைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். இரும்பு டிக்கிக்குள் போய்விட்டது. அவர் தரையில் விழுந்தார்.

அனந்தராமன் நேற்று மாலைதான் துக்கம் கேட்க ரொக்ஸ்பரோவில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, சண்முகவேலைப் பார்த்தார்.

"நீ இன்னும் லாசால்ல அந்த பாட்டில் ஃபேக்டரியிலதான் இருக்கியா? ராத்திரி ஷிஃப்டா?"

"ஆமா."

"எஞ்சினியரிங்கை முடிச்சிருக்கலாம். ஜம்பு எவ்வளவு ஆசைப்பட்டான்."

சண்முகவேல் அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டை முடிச்சு சின்னதாக, இறுக்கமாக இருந்தது.

அப்புறம்தான் அனந்தராமன் வந்த காரியத்தைச் சொன்னார். மேற்கே ரெஜைனாவில் வறட்சியைப் பற்றிப் பெரிய கூட்டம். மெழுகு வைத்த டப்பாக்கள் அத்தனையும் வேண்டும். முறையான ஆய்வுக்கூடத்தில் காயவைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. "ஒரு டப்பாவை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அம்புஜம். வருஷா வருஷம் ஈரம் எப்படி இறங்கித்துன்னு காட்டணும்னா எல்லாம் வேணும். எங்க ரெண்டு பேர் பேர்லயும் கட்டுரை வாசிக்கறேன்."

"குறை சொன்னது யாரு?" என்றான் சண்முகவேல்.

"வேலு, இரு" என்றாள் அம்புஜம். "தரேன் சார். ஆனா ஒரு டப்பாவ இங்கயே காயவைக்கணும். என் ஓவன்ல. நீங்களே எடுங்க, நீங்களே நிறுங்க. அவர் அளந்ததும் நீங்க அளக்கறதும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு மத்ததக் கொண்டுபோங்க."

அனுசூயா பதறிப்போனாள். "எடுக்கறதுக்கு முன்னாடி அடுப்பு மூட்டப்படாதும்மா. அதுவும் இன்னிக்கா?"

"சமைக்கத்தான் மூட்டக்கூடாது மாமி. நான் சமைக்கல."

அனந்தராமன் பேஸ்மென்ட்டுக்குப் போய், அலமாரி முழுக்கப் பார்த்து, தானே ஒரு டப்பாவை எடுத்துவந்தார். அறுபத்தொன்பதாம் வருஷம், அடிமண். தராசில் வைத்தார். மேலே எழுதியிருந்த எடை அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் மெழுகு ஒரு பொட்டு ஈரத்தையும் வெளியே விடவில்லை. மெழுகைக் கீறி மூடியைத் திறந்து ஓவனில் வைத்தார்கள். பார்வையாளர்கள் வரும் நேரமாகிவிட்டதால் மூன்று பேரும் ஃப்யூனரல் ஹோமுக்குக் கிளம்பினார்கள். ஓவனைப் பார்த்துக்கொள்ளச் சண்முகவேலை விட்டுப்போனார்கள்.

அவன் பார்த்துக்கொண்டான். சூடு ஏறினால் கரண்டியை உள்ளே தள்ளி இடுக்கை அகலமாக்கினான், இறங்கினால் வெளியே இழுத்தான். வேலையில் உலை பார்ப்பவன் அவன்; இது கைவந்த வேலை. ஆனால் ரெண்டு பேர் பேர்லயும் என்ற சொல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. அண்ணன் உயிரோடிருந்தபோது ரசம் என்றான். செத்த பிறகு பாதிப் பங்கு கேட்கிறான். மீதிப் பாதியையும் போகிற வழியில் எடுத்துக்கொள்வான். அண்ணி ஏமாளி. ஓவனைக் காட்டி ஜெயித்துவிட்டதாக நினைக்கிறாள்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சண்முகவேல் கத்தியை எடுத்துக்கொண்டு கீழே போனான்.

முதல் டப்பாவின் மெழுகைக் கீறினான். மூடியைத் திறந்து மண்ணைத் தரையில் தட்டினான். அடுத்தது. அதற்கடுத்தது. எழுபத்திரண்டின் மேல் அறுபத்தாறு, மேல்மண்ணின் மேல் அடிமண். காலால் கலக்கினான். முடிந்தபோது ஒரே குவியல். டப்பாக்களை மறுபடி அலமாரியில் ஒழுங்காக அடுக்கினான். மேலே வந்து கையைக் கழுவிவிட்டு ஓவனைப் பார்த்தான். சூடு சரியாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது.

இப்போது காலையில், டப்பா ஆறிவிட்டது. அனந்தராமன் தராசில் வைத்தார். எடைக்கற்களை மாற்றினார், கழித்தார், வகுத்தார். மறுபடி முதலிலிருந்து நிறுத்தார். அம்புஜம், அந்த டப்பாவின் ஜோடிக்கு ஜம்புநாதன் நோட்டில் குறித்திருந்த ஈர அளவை முன்பே ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவர் கணக்கு முடித்ததும் திருப்பிக் காட்டினாள்.

இரண்டும் ஒன்றாக இருந்தன.

"ரசம் இருக்கா சார்?" என்றாள்.

அனந்தராமன் நாற்காலியில் உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார். அனுசூயா நிலையருகிலிருந்து, "போதும் அம்புஜம்" என்றாள்.

"இன்னும் போதல மாமி."

ஃப்யூனரல் ஹோமில் ஒரு முப்பது பேர் இருந்தார்கள். டாக்டர்கள், பேராசிரியர்கள், அவர்கள் மனைவிமார், கல்லூரியிலிருந்து மாணவர்கள் சிலர். பழைய நிறுவனத்திலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நின்றார்கள். வாய்க்கரிசித் தட்டை அம்புஜமே பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் சண்முகவேல் போட்டான். அவன் நகக்கண்ணில் மெழுகு ஒட்டியிருந்தது. வரிசையாக ஒவ்வொருவராகப் போட்டார்கள்.

அனந்தராமன் கை நீட்டியதும் அவள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இன்னைக்கும் எல்லாரும் இருக்காங்க. அவரும் இருக்கார். சொல்லிட்டுப் போடுங்க."

கூடத்தில் யாரோ இருமினார்கள். இந்த ஆள் இப்போது கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று சண்முகவேல் நினைத்தான். போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். போய்விட்டால் கீழே யாரும் இறங்கமாட்டார்கள்.

அனந்தராமன் போகவில்லை. பெட்டியைப் பார்த்தபடி ஆங்கிலத்தில், பின்வரிசைக்கும் கேட்கும்படி பேசினார். ஜம்புநாதன் அளந்தது சரி. தவறு என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அது சரி என்று எனக்குத் தெரியும். ரெஜைனாவில் இது அவர் பெயரில் மட்டும் வாசிக்கப்படும், அவர் வைத்துவிட்டுப்போன மண் அத்தனையும் சாட்சியாக. என் பெயர் அதில் இருக்காது.

வெள்ளைக்காரர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்புஜம் தட்டை நீட்டினாள். அனந்தராமன் அரிசியை எடுத்துப் போட்டபோது பாதி பெட்டிக்கு வெளியே சிந்தியது.

மகன் இல்லாததால் தகனசாலையில் பொத்தானை அழுத்தியது சண்முகவேல். சுவருக்குப் பின்னால் தீ பற்றும் சத்தம் கேட்டது. அவன் தினமும் ராத்திரி கேட்கிற சத்தம்தான்.

திரும்பும்போது காரில் அம்புஜம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவருக்குக் கேட்டிருக்குமா, வேலு?"

"அண்ணி..."

"சொல்லு."

விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். சண்முகவேல் காரை எடுத்தான்.

"கேட்டிருக்கும்" என்றான்.

அவர்கள் வீட்டை அடைந்தபோது அனந்தராமன் தெருமுனையிலிருந்த தெப்பனர் கடையில் காலி பியர் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கருப்புக் கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"வேலு, நீ போய்த் தலைக்குக் குளி. சார் கீழ போகட்டும்" என்றாள் அம்புஜம்.

அவன் குளிக்கப் போகவில்லை. அனந்தராமனுக்குப் பின்னாலேயே இறங்கினான். பாதிப் படியில் நின்றுவிட்டான்.

அனந்தராமன் விளக்கைப் போட்டார். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு பிடி அள்ளினார். மேலே வெளுத்திருந்தது, உள்ளே இன்னும் ஈரம். உள்ளங்கையில் அழுத்தி உருட்டிப் பார்த்தார்.

"இது எந்த வருஷம்?" என்றார்.

சண்முகவேல் இன்னும் ஒரு படி இறங்கினான்.

"எந்த ஆழம்?" என்றார், குரலை உயர்த்தாமல். பிறகு அள்ளியதை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அதற்குத்தான் சண்முகவேல் தயாராக இருந்தான்.

அம்புஜம் படியில் இறங்கி அவனைக் கடந்து போனாள். குவியலைப் பார்த்தாள். அலமாரியில் ஒழுங்காக அடுக்கியிருந்த காலி டப்பாக்களைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து, அதன்மேல் புருஷனின் கையெழுத்தைப் படித்து, திரும்ப வைத்தாள்.

"ரெண்டு பேர் பேர்லயும்னு சொன்னான்ல அண்ணி. அவன் கைக்குப் போகக்கூடாதுன்னுதான்... அண்ணன அசிங்கப்படுத்தினவன். அவன் கையில எப்படிக் குடுக்கறது?"

"நேத்திக்கா?"

"நேத்து சாயங்காலம். நீங்க அங்க இருக்கறப்ப."

"அப்போ காலையில சார் நிறுக்கும்போது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அங்க அவர் பேசும்போதும்."

அவன் தலையசைத்தான். அம்புஜம் மேலே ஏறினாள். அவன் பின்னால் போனான். கூடத்தில் மாட்டியிருந்த அவன் கோட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

அனுசூயா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "என்ன பண்றே அம்புஜம்? கொள்ளி வெச்சவன் காரியம் முடியற வரைக்கும் வீட்டைவிட்டுப் போகப்படாது. இன்னும் தலைக்குத் தண்ணிகூட விட்டுக்கலை அவன்."

"தெரியும் மாமி."

"காரியத்தை யார் பண்றது?"

அம்புஜம் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். பேஸ்மென்ட்டிலிருந்து, அட்டைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகத் திணிக்கிற சத்தம் வந்தது.

"அண்ணி, நான் அண்ணனுக்காகத்தான்..."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகவேல் கோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே படியில் இறங்கினான்.

கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேல் தாழ்ப்பாளும் விழுந்தது.