ஏரிக்கரை இணைப்பு

எனக்கு வாய்த்த சம்பந்தி தண்டவாளக்காரர். நான் சிக்னல்காரி. கீரியும் பாம்பும் சம்பந்தம் செய்துகொண்டால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கலாம்.

ரயில் பாதையில் தண்டவாளம், கட்டை, ஜல்லி எல்லாம் அவர் இலாகா. அந்தத் தண்டவாளத்தில் ஓடுகிற மின்சாரம் என் இலாகா. பயப்பட வேண்டாம், தொட்டால் தூக்கியடிக்கிற மின்சாரம் இல்லை, டார்ச் லைட் பேட்டரி அளவுதான். ஒரு தண்டவாளத்தில் போய் மறு தண்டவாளத்தில் அது ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தால் பாதை காலி என்று அர்த்தம். வண்டி ஏறினால் சக்கரம் வழியாகக் குறுக்கே பாய்ந்துவிடும். உடனே ஸ்டேஷன் மாஸ்டரின் பலகையில் சிவப்பு விளக்கு எரியும், பின்னால் வருகிற வண்டி சிக்னலில் நிற்கும்.

தண்டவாளம் ஒரே நீளமாக இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். எங்கள் பகுதியில் இன்னும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. இரண்டு துண்டு சேரும் இடத்தில் இரு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். வண்டிக்கு அது போதும். மின்சாரத்துக்குப் போதாது. பட்டையில் துரு ஏறிவிட்டால் அது தாண்டாமல் அங்கேயே நின்றுவிடும். அதனால் பட்டைக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தில் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை, இரண்டிலும் ஆணி அடித்து நடுவே ஒரு கம்பி. இப்படி ஒவ்வொரு இணைப்பிலும் மின்சாரத்தைக் கைபிடித்து அக்கரை சேர்ப்பதுதான் என் பிழைப்பு. கம்பி அறுந்தாலும் சிவப்புதான் வரும். சந்தேகம் என்றால் சிவப்பு, அதற்கு வேறு பாஷை தெரியாது.

சம்பந்தியின் ஆட்கள் ஜல்லியைக் கெட்டிப்படுத்துகிறேன் பேர்வழி என்று என் கம்பிகளை அறுத்துத் தள்ளுவார்கள். கேட்டால், "சம்பந்தியம்மா, உங்க கம்பி காத்தடிச்சாலே அந்துடும் போலிருக்கே" என்பார். நான் என்ன வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறேன்? "உங்க தண்டவாளம் ஆடுற ஆட்டத்துக்குச் சங்கிலி போட்டாலும் நிக்காது சம்பந்தி" என்பேன். ஒரு நாள் என் மகள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "இந்த வீட்டுல இனிமே கம்பிப் பேச்சும் வேண்டாம், தண்டவாளப் பேச்சும் வேண்டாம். மீறினா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்று சட்டம் போட்டாள். மாப்பிள்ளை தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். எந்த இலாகாவிலும் சேராத நிம்மதியான மனுஷன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குளிர் தொடங்கியதும் ஏரிக்கரைப் பக்கம் பாதைக்கு ஒரு சனியன் பிடித்தது. விடிந்ததும் பலகையில் சிவப்பு வரும். பாதையில் வண்டி எதுவும் இருக்காது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறி, சிவப்பு தானாகவே போயிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் கம்பி எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம். என்னத்தைச் சரி பண்ணுவது?

ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர்தான், ஆனால் வண்டி தாமதம் என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "பேசாம நீளமா ஒரு கம்பியை எடுத்து, சந்தேகம் இருக்கிற இடத்தை மொத்தமா தாண்டிப் போட்டுடுங்கம்மா. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க" என்றார். பண்ணுகிறார்கள், உண்மைதான். இரண்டு முனையிலும் கவ்வி வைத்த நீளக் கம்பி ஒன்று என் பையிலும் இருந்தது. கோளாறு எந்தத் துண்டில் என்று தேடுவதற்காக வைத்திருப்பது. தேடப் பொறுமை இல்லாதவர்கள் அதையே நிரந்தரமாக மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தப் பேயைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஒரு நாள் வெயிலுக்கு முன்பே ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். பனி முழங்காலை உறைய வைத்தது. போன் அடித்தது. "வந்துடுச்சும்மா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "பாசஞ்சரை சிக்னல்ல நிறுத்தியிருக்கேன். சீக்கிரம் பாருங்க."

ஒவ்வொரு இணைப்பாக மீட்டர் வைத்துக்கொண்டே போனேன். ஏரிப் பக்கத் தண்டவாளத்தில், வளைவு தொடங்கும் இடத்து இணைப்பில் இருக்கும்போது மறுபடியும் போன். இந்த முறை என் மகள்.

"அம்மா, வண்டி நின்னுடுச்சு. எனக்கு வலி வந்துடுச்சும்மா."

வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரியில் வந்து படுத்துவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அன்று அந்தப் பாசஞ்சரில் கிளம்பியிருந்தாள். வலி முந்திக்கொண்டது. மாப்பிள்ளை போனை வாங்கி, "அத்தை, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. இறங்கலாம்னா ரோடே இல்லை. எப்போ விடுவாங்க?" என்றார். வண்டி நின்ற இடத்தில் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் செங்குத்தான மேடு. ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த ஒரே வழி நான் உட்கார்ந்திருந்த தண்டவாளம்தான்.

"இதோ விட்டுடுவாங்க மாப்பிள்ளை" என்றேன். சொல்லிவிட்டு மறுபடி மீட்டரைக் கையில் எடுத்தேன்.

கம்பியின் இந்த ஆணிக்கும் அந்த ஆணிக்கும் நடுவே மீட்டரில் ஒரு குறையும் இல்லை. மீட்டர் முனையை ஆணியிலிருந்து எடுத்து ஒரு முழம் தள்ளித் தண்டவாளத்தின் மேலேயே வைத்தேன். முள் துள்ளியது. ஆணியைச் சுத்தியலால் தட்டினேன், மலை மாதிரி அசையாமல் இருந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி துள்ளியது. ஒரே இரும்பு. அதற்குள் நடந்து போக மின்சாரம் ஏன் தயங்க வேண்டும்?

அப்போது சம்பந்தி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும். அவருக்கும் மாப்பிள்ளை போன் போட்டிருந்தார். "கம்பிதானே?" என்றார் வந்ததும்.

நான் நீளக் கம்பியை எடுத்து, ஒரு கவ்வியை இணைப்புக்கு முன்னாலும் மற்றதை நன்றாகத் தள்ளிப் பின்னாலும் மாட்டினேன். மாட்டிய கையை எடுப்பதற்குள் போன் அடித்து, ஸ்டேஷன் மாஸ்டர் குரல் துள்ளியது. "போயிடுச்சும்மா, சிவப்பு போயிடுச்சு. கையை வைக்காதீங்க, அப்படியே விட்டுடுங்க. நான் சிக்னல் போடறேன்."

அவ்வளவுதான். அப்படியே எழுந்து நின்றால் என் மகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். என் காலுக்கடியில் அந்தக் கம்பி கிடந்தது. எத்தனையோ கம்பி போட்ட கைதான் இது. ஆனால் கம்பி சரி, ஆணி சரி, பின்னே எதைத் தாண்டுவதற்காக இன்னொரு கம்பி கேட்கிறது இந்தப் பாதை? எதைத் தாண்டுகிறேன் என்று தெரியாமல் தாண்டிவிட்டால், அதற்கப்புறம் அங்கே என்ன கோளாறு நடந்தாலும் சிவப்பு வராது.

"சார், சிக்னல் போடாதீங்க" என்றேன். "நான் கழட்டறேன்."

"என்னம்மா இது, உள்ள உங்க பொண்ணு இருக்குன்னு இப்பதான் உங்க மாப்பிள்ளை போன்ல சொன்னார்."

"அதனாலதான் சார்."

கழற்றினேன். சிவப்பு திரும்ப வந்துவிட்டது என்றார். "கம்பிக் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சிவப்பைத் தாண்டிப் போகலாம்னு டிரைவருக்குச் சீட்டு கொடுத்து அனுப்பிடறேன்" என்று கெஞ்சினார். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. சம்பந்தியைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

"சம்பந்தி, தண்டவாளத்தைப் பாருங்க."

முந்தின நாள்தான் அந்தப் பாதையில் நடந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொன்னவர் அவர். நான் கேட்டது, நீங்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எகிறிக் குதிப்பார் என்றுதான் நினைத்தேன். எத்தனை வருஷச் சண்டை. அந்த மனுஷனோ சுத்தியலைக் கீழே வைத்தார். பனி ஈரத்தோடு கிடந்த ஜல்லி மேல் குப்புறப் படுத்தார். தண்டவாளத்தின் இடுப்பில் அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் என் பையிலிருந்த கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். பிறகு தலைத் துண்டை அவிழ்த்துத் துடைத்தார்.

என் ஆணி இருந்த துளையிலிருந்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. தலைமுடி கிடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சம்பந்தி சட்டைப் பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை எடுத்து அந்தக் கோட்டில் நுழைத்தார். பாதி டிக்கெட் உள்ளே போய்விட்டது.

குளிரில் இரும்பு சுருங்கி வாயைத் திறந்திருக்கிறது. வெயிலில் நீண்டு மூடிக்கொண்டிருக்கிறது. இதுதான் எங்கள் பேய். அவர் எழுந்து உட்கார்ந்தார், முகத்தில் ஈயாடவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தார், அதை ஒட்டி இறங்குகிற கரையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "வளைவுல, அந்த வேகத்துல வந்து ஏறியிருந்தா, நேரா ஏரிதான்" என்றார்.

அதற்கப்புறம் அவர் வேலை செய்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். சிவப்புக் கொடியை நட்டார். போனில் ஆட்களைக் கூப்பிட்டார். உடைந்த இடத்தை இறுக்கிப் பிடிக்கவென்றே செய்த பட்டைகளும் பெரிய இரும்புக் கவ்விகளும் தள்ளுவண்டியில் வந்தன. யார் கையிலும் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. நான்கு கவ்வியையும் அவரே முடுக்கினார், முடுக்கியதைத் தட்டிப் பார்த்தார், தட்டியதை மறுபடி முடுக்கினார். நடுவில் என் மகள் போன் செய்தாள்.

"என்னம்மா பண்றீங்க? ரெண்டு பேரும் அங்கேயும் சண்டை போட்டுட்டு இருக்கீங்களா?"

"இல்லடி. மாமா முடுக்கிட்டு இருக்கார். கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு."

"எப்படிம்மா பொறுக்கறது?" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தால் மீட்டர் தெரியாது என்று பயந்து, வராமல் பார்த்துக்கொண்டேன்.

சீட்டு வாங்கிக்கொண்டு வண்டி வந்தது, மனிதர் நடக்கிற வேகத்தில். சம்பந்தி கவ்விகளுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, கண்ணைத் தண்டவாளத்தில் வைத்துக்கொண்டு, வா வா என்று டிரைவருக்குக் கையை ஆட்டினார். ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் தண்டவாளம் கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் எழுந்தது. அவருடைய தோளும் கூடவே தாழ்ந்து எழுந்தது. என் மகள் இருந்த பெட்டி எங்களைத் தாண்டும்போது ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது, வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு. சம்பந்தி நிமிர்ந்து மருமகளைப் பார்க்கவில்லை. அவர் கண் விரிசலை விட்டு நகரவில்லை. நான் கும்பிட்டேன். சாமியை நினைத்துக்கூட இல்லை, அந்தக் கவ்விகளையும் அதை முடுக்கிய கைகளையும்தான்.

மேலதிகாரி பெரிய சார் வந்து விசாரித்து, தண்டவாளத் துண்டை மாற்றி, நான் புதுக் கம்பி போட்டு, பலகையில் சிவப்பு ஒழுங்காகப் போன பிறகுதான் இருவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியிலேயே மாப்பிள்ளை போன் செய்துவிட்டார். ஆபரேஷன், பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னாராம்.

வார்டுக்கு வெளியே குழாயில் கை கழுவினோம். இரண்டு பேர் கையிலிருந்தும் கறுப்புத் தண்ணீர் ஓடியது. நன்றி என்று சொல்ல வாய் கூசியது, அந்த வார்த்தை எங்கள் இருவருக்குள் பழக்கமே இல்லை. பேச்சை வேறு வழியாகத் தொடங்கினேன்.

"சம்பந்தி, அந்தத் துளை எங்க ஆளுங்க போட்டது. விளிம்புல இருந்த பிசிறைத் தேய்க்காம விட்டிருக்காங்க. விரிசல் அங்கதான் ஆரம்பிச்சிருக்கு."

"பார்த்தேன்."

"பெரிய சார் வந்து கேட்டப்போ நீங்க சொல்லலையே."

"ஏன், சொன்னேனே. எல்லாத் துளையையும் ஒரு தடவை பார்க்கணும்னு சொன்னேன். யார் போட்டதுன்னு அவர் கேக்கல, நான் சொல்லல." சோப்பை என் பக்கம் தள்ளினார். "நீங்க அந்தக் கம்பியைக் கழட்டினதைப் பார்த்துட்டுதான் இருந்தேன். நானா இருந்தா கழட்டியிருக்க மாட்டேன் சம்பந்தியம்மா. என் தண்டவாளத்தை நம்பி விட்டிருப்பேன்."

"நீங்க படுத்துப் பார்க்காம இருந்திருந்தா, நான் கழட்டியும் பிரயோஜனம் இல்ல" என்றேன். "உங்களுக்கு நான் என்ன செஞ்சாலும் தீராது." சொல்லிவிட்டேன். அவர் குழாய்த் தண்ணீரை அள்ளி வெகுநேரம் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனோம். நடந்ததை அவளுக்கு உடம்பு தேறிய பிறகு சொல்லலாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தோம். குழந்தை சிவந்து, சுருங்கி, கோபமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா. அந்த வலியில என்னை நடுவழியில நிறுத்தி வெச்சீங்களே, ரெண்டு பேருக்கும் மனசாட்சி இருக்கா? கம்பியாம், தண்டவாளமாம். பெத்த பொண்ணை விட, மருமகளை விட அதெல்லாம் பெரிசாப் போச்சு இல்ல?"

மாப்பிள்ளை எதையோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்தி அவர் கையை அழுத்தினார். "தப்புதாம்மா" என்றார் மருமகளிடம். நானும் தலையை ஆட்டினேன். அவள் விடவில்லை. குரல் உடைந்து உடைந்து, மூச்சு வாங்க வாங்க, எங்களை ஒரு பிடி பிடித்தாள். நாங்கள் இருவரும் கட்டிலின் கால்மாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் எவ்வளவு நேரம் திட்டினாலும் எங்களுக்குக் கேட்கவேண்டும் போல இருந்தது.