எனக்குப் பிடித்த படிக்கட்டு

"வீட்டுக்கு வந்துடட்டுமாம்மா" என்று மகள் போனில் ஒரு தடவை கேட்டாளா, இரண்டு தடவை கேட்டாளா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஒரு தடவைதான் என்றால், அது அவளுடைய கட்டுரையை நான் படித்த பிறகு. அப்படியானால் எனக்குக் கொஞ்சம் சாக்கு உண்டு. அதற்கு முன்பே கேட்ட மாதிரியும், "புது இடம்னா அப்படித்தான் இருக்கும்" என்று நான் சொன்ன மாதிரியும் சில நாள் தோன்றுகிறது.

என் தம்பி ஒரு பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் இருக்கிறான். மகள் அங்கேதான் முதல் வருடம் சேர்ந்து, விடுதியில் தங்கியிருந்தாள். மாணவர்கள் எழுதும் வலைப்பதிவு ஒன்றைத் தம்பி நடத்தினான். "விளம்பரத்த யாரும் நம்பறதில்லக்கா. பிள்ளைங்க எழுதினா நம்பறாங்க" என்பான். ஆள் கிடைக்காத ஒரு வாரத்தில் அக்கா மகளையே பிடித்து எழுத வைத்தான்.

'எனக்குப் பிடித்த படிக்கட்டு' என்று தலைப்பு. நூலகத்தின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து மதியம் சாப்பிடுவாள். ஜன்னல் வெயில் நடுப்படியில் விழும். அங்கே யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை. அவ்வளவுதான். நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனை வரவேற்பு மேசையில், ஒரு நோயாளியை உள்ளே அனுப்பி அடுத்தவரைக் கூப்பிடும் இடைவெளியில், அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டாக்டரிடமும் காட்டினேன். "பொண்ணு நல்லா செட்டில் ஆயிட்டா போல" என்றார்.

போனில் அவள் அதிகம் பேசமாட்டாள், என்னைப் போல. பேசாமல் இருந்தே பாதி நேரம் போகும். அது எனக்குப் பிடிக்கும். அந்த மௌனம் வேறு மாதிரி ஆனபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"வந்துடட்டுமாம்மா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கே? நீயே எழுதியிருக்கியே."

அந்தப் பக்கம் ஏதோ கதவு மூடும் சத்தம் கேட்டது.

"ஆமா, எழுதியிருக்கேன்" என்றாள்.

அடுத்த மாதம் தம்பி வந்தான். கட்டுரையை யார் யாருக்கு அனுப்பினேன் என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவன் காலுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தான், தலை நிமிரவில்லை.

"அக்கா, அதுக்கு ஒரு முன்பாதி இருந்துச்சு. நான் எடுத்துட்டேன்."

"என்ன முன்பாதி?"

"கேன்டீன்ல அவளப் பக்கத்துல யாரும் உக்கார விடறதில்லையாம். அதனாலதான் படிக்கட்டுக்குப் போனேன்னு எழுதியிருந்தா."

"அவளக் கேட்டியா?"

"கேட்டேன். 'உங்க இஷ்டம் மாமா'ன்னா. ரொம்ப நீளம்க்கா. எல்லார் கட்டுரையும் வெட்டறதுதான்."

"முழுப் பூசணிக்காய மறைச்சிட்டு நீளம்ங்கிறே."

அவன் கழற்றிய காலுறையைச் சுருட்டினான். "உன்கிட்டயாவது சொல்லியிருப்பான்னு நினைச்சேன்."

வந்துடட்டுமா என்று கேட்டு, அவள் சொல்லத்தான் செய்தாள். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. குற்றம் முழுவதும் அவன் தலையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் இருவரும் விடுதிக்குப் போனோம். அவள் வகுப்புக்குப் போவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. மேசையில் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. துணிகளை மடித்துக்கொண்டே, "எத்தனை லைக் வந்துச்சும்மா?" என்று கேட்டாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கிப் போனான்.

மகள் இப்போது வீட்டிலிருந்தே வேறொரு கல்லூரிக்குப் போகிறாள். முதல் வருடத்தை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. தம்பி அதே வேலையில் இருக்கிறான். நெடுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை; இப்போது வருகிறான், சீக்கிரம் கிளம்பிவிடுகிறான். பதிவை எடுத்துவிடலாம் என்று அவன் சொன்னதற்கு மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. மாணவர் சேர்க்கை தொடங்கும்போதெல்லாம் அதை மறுபடி போடுகிறார்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் அது தம்பி செய்த தப்பு என்றே நினைக்கிறார்கள். கட்டுரைக்கு முன்பே ஒரு தடவை கேட்டாளா என்று மகளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். நான் கேட்கவில்லை.