கயிற்றுக்குள் முப்பத்து நாலு பேர்

எட்டு வருஷம் தொலைபேசி சேவை மையத்தில் வேலை பார்த்தவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். மௌனம். அங்கே வாடிக்கையாளரோடு பேசும்போது மூன்று விநாடி சும்மா இருந்தால் மதிப்பெண்ணில் வெட்டு விழும். ஐந்து விநாடி ஆனால் மேற்பார்வையாளர் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். அதனால் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்களிடம்கூட மூச்சு விடாமல் பேசப் பழகியிருந்தாள். முப்பத்து மூன்றாவது வயதில் அந்த வேலையை உதறிவிட்டு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது, "உனக்கென்ன, வாய் இருக்கு, பொழச்சுக்குவே" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

பயிற்சிக்காக ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை அவளிடம் ஒப்படைத்தார்கள். அந்த வகுப்பின் கணக்கு டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும் என்று ஏற்பாடு. கணக்கு டீச்சர் இவளைவிட மூன்று வயது சின்னவள். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டே கிண்டல் செய்யும் ரகம்.

முதல் பாடம் சுற்றளவும் பரப்பளவும். நாற்பது நிமிஷ வகுப்புக்குப் பதினொரு பக்கத்தில் பாடத்திட்டம் எழுதினாள். நோக்கம் பச்சை மையில், கேள்வி சிவப்பு மையில், பிள்ளைகள் சொல்ல வேண்டிய பதில் நீல மையில். ஓரிடத்தில் 'இங்கே மாணவர்கள் சிரிப்பார்கள் - அரை நிமிடம்' என்றுகூட எழுதி வைத்திருந்தாள்.

மாணவர்கள் சிரிக்கவில்லை. பாடம் பதினேழாவது நிமிஷத்தில் முடிந்துபோனது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா? இல்லைதானே? புரிஞ்சுதுதானே?"

"புரிஞ்சுது டீச்சர்" என்று முப்பத்து நாலு பேரும் பாடினார்கள்.

இன்னும் இருபத்து மூன்று நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வேறு வழி தெரியாமல் அதே பாடத்தை முதலிலிருந்து நடத்தினாள். அதுவும் முடிந்து மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது மணியடித்துக் காப்பாற்றியது. சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: எக்ஸ்பிரஸ் டீச்சர். "எந்த ஸ்டேஷன்லயும் நிக்காதுடா" என்று ஒருவன் விளக்கம் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் தன் நோட்டைத் திறந்தாள். அதில் குறிப்பு எதுவும் இல்லை. கோடு கோடாகக் கிழித்து எண்ணி வைத்திருந்தாள்.

"நீங்க கேட்ட கேள்வி மொத்தம் நாற்பத்தாறு மேடம்."

"அவ்வளவா? நல்லதுதானே?"

"அதுல நாற்பத்தொண்ணுக்கு நீங்களே பதிலும் சொல்லிட்டீங்க. 'புரிஞ்சுது டீச்சர்' கோரஸை விட்டுட்டா, பிள்ளைங்க வாயிலேர்ந்து ஒன்பது சத்தம் வந்துச்சு. ஆறு, 'ஆமா டீச்சர்'. ரெண்டு, 'பாத்ரூம் போகலாமா டீச்சர்'."

"மிச்சம் ஒண்ணு?"

"தும்மல்."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்த நொடியே சிரிப்பும் வந்தது. சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் தங்கை மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதனை செய்கிறவள். அன்றைக்கு இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று அவள் கடைக்குப் போனாள். தங்கை ஒரு லாரி டிரைவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் மூக்கின் மேல் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பப் போட்டது நல்லாத் தெரியுதா, முன்னாடி போட்டதா?"

டிரைவர் எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தார். பேசவில்லை. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நுனிக்கு நகர்ந்தாள். நாலாவது விநாடியில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"முன்னாடி போட்டதுதானே சார் நல்லா இருக்கு?"

"ஆமாம்மா" என்றார் டிரைவர் நன்றியோடு.

தங்கை வில்லையைக் கையில் பிடித்தபடி திரும்பினாள். "அக்கா, நீ கொஞ்சம் வெளிய போய் நில்லு."

"நான் என்னடி பண்ணினேன்?"

"கண்ணு அவருது. நீ சொன்னா அவர் எல்லாத்துக்கும் ஆமாம்பார். அந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு லாரி ஓட்டுவார். அப்புறம் ரோட்டுல போறவங்க கதி என்ன?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவள் வேடிக்கை பார்த்தாள். தங்கை மறுபடியும் கேட்டாள். கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டிரைவர் கழுத்தை நீட்டினார், சுருக்கினார், நெற்றியைச் சுளித்தார். "ரெண்டாவதும்மா" என்பதுபோல விரலைக் காட்டினார். உடனே தலையை ஆட்டி, "இல்ல இல்ல" என்று விரலை மாற்றினார். கடைக் கடிகாரத்தில் பதினொரு விநாடி ஆகியிருந்தது. அந்தப் பதினொரு விநாடியும் அந்த மனிதர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மௌனம் என்று அவள் நினைத்தது காலியான இடமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பதினொரு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டே பக்கத்தில் புதுத் திட்டம் எழுதினாள். நீல மையில் பதில் எழுதும் இடங்களில் எல்லாம் ஒரே சொல்தான்: 'காத்திரு.'

நல்ல நேரம் பார்த்து, மறுநாள் வகுப்புக்குப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து சேர்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் இருபத்திரண்டு கட்டம் போட்ட படிவம். கணக்கு டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். எக்ஸ்பிரஸ் டீச்சர் வீட்டிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்த துணி காயப்போடும் கயிற்றை, இரண்டு முனையையும் முடிந்து, வகுப்பின் முன்னால் தூக்கிக் காட்டினாள்.

"இந்தக் கயித்தைக் கூட்டப் போறதில்ல, வெட்டப் போறதில்ல. வடிவத்தை மட்டும் மாத்தப் போறேன். உள்ள இருக்கிற இடம் மாறுமா, மாறாதா?"

கேட்டுவிட்டு வாயை இறுக்க மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. பிள்ளைகள் பழக்கதோஷத்தில் அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நாலு. மின்விசிறிச் சத்தம் ரயில் சத்தமாகக் கேட்டது. ஐந்து. "டீச்சர் மறந்துட்டாங்க போல" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். முன் பெஞ்சுக்காரி இரக்கப்பட்டுத் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். ஒன்பது.

"மாறாது டீச்சர்!" எல்லாவற்றுக்கும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கியவன் எழுந்துவிட்டான். "கயிறு அதே கயிறுதானே? அப்புறம் உள்ள எப்படி மாறும்?"

"சரி" என்று சொல்ல வந்த நாக்கைக் கடித்தாள். "தப்பு" என்று சொல்ல வந்ததையும் விழுங்கினாள். "மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?"

இன்னொரு மௌனம். இந்தத் தடவை ஆறு விநாடிதான்.

"மாறும் டீச்சர்" என்றாள் ஜன்னலோரப் பெண். "எங்க வீட்டு ரூம் ரயில் பெட்டி மாதிரி ஒல்லியா இருக்கும். சுத்தி நடந்தா தூரம் ஜாஸ்தி. ஆனா கட்டிலைப் போட்டா அப்பா பக்கவாட்டுலதான் நடக்கணும்."

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. சத்தம் கூரையைத் தொட்டது. அவள் எல்லோரையும் வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். தரையில் ஒன்றரை அடி டைல்ஸ். கயிற்றைச் சதுரமாகப் போட்டுப் பார்த்தால் பக்கத்துக்கு ஆறு டைல்ஸ் வந்தது.

"டைலுக்கு ஒருத்தர். உள்ள போங்க."

முப்பத்து நாலு பேரும் முண்டியடித்து உள்ளே போனார்கள். இரண்டு டைல் காலி. கூச்சல் கேட்டு அறையிலிருந்து வந்த தலைமையாசிரியை, "என்ன இது, சந்தையா?" என்று ஆரம்பிப்பதற்குள், "மேடம், உங்களுக்கு இடம் இருக்கு, வாங்க!" என்று நாலு கை அவரை உள்ளே இழுத்துவிட்டது. அவரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் நின்றார். இன்னும் ஒன்று காலி. எல்லாக் கண்களும் மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பின. அவர் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

அடுத்து அதே கயிறு நீளமாக, ஒரு டைல் அகலத்தில். பதினொரு பேரோடு இடம் தீர்ந்தது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் "அநியாயம்" என்று கத்தினார்கள். தலைமையாசிரியைக்கும் இடம் போய்விட்டது. அவரும் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

வக்கீல் எல்லோரையும் விலக்கிவிட்டு, கயிற்றின் ஒரு கோடியைத் தான் பிடித்து, மறுகோடியை நண்பன் கையில் கொடுத்து விறைப்பாக இழுத்தான். கயிறு இரட்டைக் கோடாக ஒட்டிக்கொண்டது.

"டீச்சர், இப்ப ஒரு எறும்புகூட நிக்க முடியாது. கயிறு அதேதான். உள்ள இருந்த இடம் எங்க போச்சு?"

அவள் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டே கலைந்து ஓடினார்கள். திட்டத்தில் இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி.

"பிள்ளைங்க பேசினதை எண்ணலாம்னுதான் உக்காந்தேன். கை வலிச்சதுதான் மிச்சம்" என்று கணக்கு டீச்சர் காதில் சொல்லிவிட்டுப் போனாள். கேட்டவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் மதிப்பீட்டாளர் படிவத்தைப் புரட்டிக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பாடம் எங்க முடிஞ்சுது? யார் நோட்டுலயும் ஒரு வரி இல்ல. அந்தப் பையன் கேட்ட கேள்வியோட வீட்டுக்குப் போறான்" என்றார். "வியாழக்கிழமை மறுபடியும் வர்றேன்."

'கேள்வியோட போனா என்ன குறைஞ்சுபோச்சாம்?' என்று அவள் உள்ளுக்குள் கருவிக்கொண்டாள். குறைந்துதான் போயிருந்தது. மறுநாள் காலை பள்ளி வாசலில் ஒரு தையல்கார அம்மா, தோளில் அளவு நாடாவோடு அவளுக்காக நின்றிருந்தார். வக்கீலைப் பெற்றவர்.

"டீச்சர், நேத்து ஒருத்தங்க திரைச்சீலை தைக்கக் குடுக்க வந்தாங்க. இவன் குறுக்க பூந்து, 'சுத்தி அளவெடுத்து என்ன புண்ணியம், இழுத்துப் பிடிச்சா துணியே பூஜ்ஜியம்தான், எங்க டீச்சர் சொல்லிருக்காங்க'ங்கிறான். வந்தவங்க என்னைய ஒரு மாதிரி பார்த்துட்டுப் போயிட்டாங்க. நீங்க அப்படியா சொன்னீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலைம்மா" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே விளங்கியது. வாயை மூடக் கற்றுக்கொண்டவள், திறக்க வேண்டிய இடத்திலும் மூடிக்கொண்டிருந்துவிட்டாள்.

வியாழக்கிழமைக்கான திட்டத்தைக் கடைசியிலிருந்து எழுதினாள். மணியடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்துவது என்று முதல் வரி. அன்றைக்கு அப்படியே நிறுத்தினாள். சதுரம், நீளம், ஒட்டிப்போன கயிறு மூன்றையும் கரும்பலகையில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் சுற்றளவையும் பரப்பளவையும் பிள்ளைகளை விட்டே எழுதவைத்தாள். "துணியை இழுத்தா துணி பூஜ்ஜியம் ஆகாது. கயித்தை இழுத்தாத்தான் உள்ள இருக்கிற இடம் சுருங்கும். துணி கயிறு மாதிரி வெறும் ஓரம் இல்ல, உள்ள இருக்கிற இடமும் சேர்ந்ததுதான்" என்று வக்கீலே எழுந்து தீர்ப்புச் சொன்னான். பிறகு ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. இன்று புரிந்ததை ஒரு வரியில் எழுத வேண்டும். மதிப்பீட்டாளர் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, போகும்போது வராந்தா டைல்ஸை ஒரு நிமிஷம் நின்று எண்ணிவிட்டுப் போனதைக் கணக்கு டீச்சர் பார்த்தாளாம்.

சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் சீட்டுகளைப் படித்தார்கள். 'சுற்றளவு வேலி, பரப்பளவு விளையாடுற இடம்.' 'சதுரத்தில் தலைமையாசிரியைக்கு இடம் உண்டு, நீளத்தில் இல்லை.' 'பசிக்கிறது.' கணக்கு டீச்சர் முதல்முறையாகக் கல்முகம் கலைந்து, மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள்.

கடைசிச் சீட்டு ஜன்னலோரப் பெண்ணுடையது. 'கயிற்றை வட்டமாக வைத்தால் எத்தனை பேர் நிற்கலாம்? நீங்கள் கேட்கவே இல்லை.'

"பதில் தெரியுமா மேடம்?" என்றாள் கணக்கு டீச்சர்.

"பதில் தெரியும். பாதி டைல் வெளியவும் பாதி உள்ளவும் வருமே, அதை எப்படி எண்ண வைக்கிறதுன்னுதான் தெரியல."

"எனக்கும் தெரியல" என்று சொல்லிக் கணக்கு டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். வராந்தா காலியாக இருந்தது. இருவரும் கயிற்றோடு தரையில் குந்தி உட்கார்ந்தார்கள். வட்டம் எத்தனை தடவை போட்டாலும் முட்டை மாதிரியே வந்தது.