அப்பா பேர்

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் உளநூல் என்றொரு பாடம் உண்டு. பயந்த பிள்ளையைப் பேச வைப்பது எப்படி என்று அதில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். பேசிய பிறகு என்ன செய்வது என்று எழுத எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

சீதாலெட்சுமி கொட்டகலைத் துணிக்கடைக்காரரின் மகள். கலாசாலையில் இரண்டாம் வருடம். தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஒரு பிள்ளையை மூன்று மாதம் கவனித்துக் குறிப்பு எழுதினால்தான் தேறலாம். அவளுக்கு வாய்த்தவள் ஏழு வயது நாகலெட்சுமி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவள் பெரிய வாயாடி. பள்ளிக்கூடத்துக்குள் வந்தால் மூச்சு விடமாட்டாள். முதல் நாள் வாத்தியார் "அப்பா பேர் என்ன?" என்று கேட்டபோது மூடிய வாய் அது.

சீதா விடவில்லை. கலர் பென்சில் கொடுத்தாள், கடலை மிட்டாய் கொடுத்தாள், பக்கத்தில் உட்கார வைத்துக் கதை சொன்னாள். "மனசுல உள்ளதச் சொல்லிட்டா பயம் ஓடிப்போயிரும் கண்ணு" என்று தினமும் ஓதினாள். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பதினோராவது வாரம் பிள்ளை அவள் காதோரம் வந்தது.

"எங்கப்பா பேரு முத்துலிங்கம் டீச்சர். யாருகிட்டயும் சொல்லிராதீங்க. போலிஸ் புடிச்சுக் கப்பல்ல ஏத்திருமாம். பெரட்டுல அழகுமுத்துன்னுதான் கூப்புடுவாங்க."

"அப்ப அழகுமுத்துன்னே சொல்லலாமே?"

"அது செத்துப்போன பெரியப்பா பேரு. அம்மா வெளக்கு வச்சுக் கும்புடும். அந்தப் பேர நான் அப்பாவுக்குச் சொன்னா அப்பாவும் செத்துருவாரு."

சீதாவுக்கு விளங்கிவிட்டது. அந்த மனிதன் இந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் வந்தவன். நோர்வூட் பக்கம் செத்துப்போன அண்ணனின் காகிதங்களைக் காட்டி இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்திருக்கிறான். தினமும் விடிந்ததும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் செத்தவன் பேரைக் கூப்பிட, இருக்கிறவன் கையைத் தூக்குகிறான். 'பிள்ளை பேசத் தொடங்கிவிட்டது' என்று மட்டும் குறிப்பில் எழுதினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த வாரம் கலாசாலையிலிருந்து விரிவுரையாளர் ஒருவர் பிள்ளையைச் சோதிக்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். பின்னாலேயே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை செல்லசாமியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். பெரட்டில் பேர் கூப்பிடுகிறவர் அவர்தான். போன வருடம் அவர் மூட்டிவிட்டுத்தான் இரண்டு கள்ளத்தோணிக்காரர்களைப் போலிஸ் கொண்டுபோனது.

காலையில் என்ன சாப்பிட்டாள், யாருடன் விளையாடுவாள் என்று விரிவுரையாளர் கேட்கக் கேட்க, பிள்ளை கணீரென்று பதில் சொன்னது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"கெட்டிக்காரப் பிள்ளை! அப்பாவின்ர பேர் என்ன?"

கடவுளே, இதையா கேட்க வேண்டும்! நாகலெட்சுமி சீதாவைப் பார்த்துச் சிரித்தாள். டீச்சரிடம் சொன்னதுதானே, இனி என்ன பயம் என்கிற சிரிப்பு. வாயும் திறந்துவிட்டது. சீதா தலையை மெல்ல அசைத்தாள். வேண்டாம்.

பிள்ளையின் சிரிப்பு அணைந்தது. கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள். மறுபடி சீதாவைப் பார்த்தாள்.

"அழகுமுத்து" என்றாள்.

"சபாஷ்!" என்று விரிவுரையாளர் புள்ளி போடக் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் பிள்ளை வெளியே பாய்ந்து தேயிலைச் சரிவில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. மேல்மலையில் ஆண்கள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் சாவைத் தடுக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

"முத்துலிங்கம்! முத்துலிங்கம்!"

மூன்று மாதமாக எந்தக் குரலைக் கேட்கச் சீதா தவம் கிடந்தாளோ, அந்தக் குரல் மலையெல்லாம் கேட்டது.

கணக்கப்பிள்ளை ஜன்னலோரம் போனார். "யாரும்மா அந்த முத்துலிங்கம்?"



"அவ பெரியப்பாங்க" என்றாள் சீதா. "செத்துப் போயிட்டாருங்க."

கணக்கப்பிள்ளை திரும்பவில்லை. மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே ஒரு ஆள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடிவந்தான்.

"இந்தா இருக்கேன் தாயி!"