ஹீட் நம்பர் இல்லாத இரண்டு வால்வுகள்

"அடிச்சா அஞ்சு நிமிஷம்கூட ஆகாது அண்ணி. எண் அச்சு உங்க டிராயர்லதான இருக்கு."

"அச்சு இருக்கு. எதுல எந்த நம்பரை அடிக்கிறதுன்னு நீயே சொல்லு."

கொழுந்தன் மேசைப் பக்கம் திரும்பினான். தரச்சோதனை அறை மேசையில் இரண்டு வால்வு உடல்கள், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. அதுதான் வினை. ஒரு தடவை உருக்கிய எஃகுக்கெல்லாம் ஒரே ஹீட் நம்பர். வார்க்கும்போதே மேடாகப் பதிந்து வரும். அந்த நம்பரைச் சொல்லித்தான் சான்றிதழே பேசும். கிரைண்டர் அதன்மேல் படுவதற்கு முன் தரம் பார்க்கும் அண்ணியைக் கூப்பிட வேண்டும். அவள் வேறு இடத்தில் அதை அடித்துக் கொடுப்பாள். இவன் தன் பாட்டுக்கு இரண்டு நம்பரையும் வழித்துவிட்டிருந்தான்.

"நல்லாத்தான் தேய்ச்சிருக்க. உங்க அண்ணன் ஒரு நாளாவது பாத்திரத்தை இப்படித் தேய்ச்சிருப்பாரா?"

அவன் சிரிக்கவில்லை. வேலை நிரந்தரமாக மேலாளர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நிரந்தரமாகிவிட்டது என்றே வீட்டில் சொல்லியும் விட்டான்.

அவள் உலோகக் கலவையைக் காட்டும் சோதனைத் துப்பாக்கியை ஒவ்வொன்றின்மேலும் வைத்து அழுத்தினாள். திரையில் ஓடிய அளவுகள் ஒன்றுபோலவே இருந்தன.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான அண்ணி?"

"ரகம் ஒண்ணு, ஹீட் வேற. நம்ம மறுசோதனை முடிவு இன்னிக்குத்தான் வந்துச்சு. ஒரு ஹீட்டு குளிர்ல வச்சு அடிச்சதும் பிஸ்கட் மாதிரி உடைஞ்சிருக்கு. வரவுப் பதிவுப்படி இதுல ஒண்ணு அந்த ஹீட்டு."

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டும் வாயைத் திறக்கவில்லை.

"வேற வழியே இல்லியா?"

"ஒண்ணை அறுத்துச் சோதிச்சா தெரிஞ்சிடும். ஆனா அறுக்க மேலாளர் கையெழுத்து வேணும். நம்பர் எப்படிப் போச்சுன்னு காரணம் எழுதணும்."

அவள் படிவத்தை எடுத்து வைத்தாள். காரணம் என்ற கட்டத்துக்கு மேல் பேனா நின்றது. வண்டியிலிருந்து இறக்கிய அன்று ஒவ்வொரு நம்பரையும் விரலால் தடவிப் பார்த்து, எல்லாம் உண்டு என்று கையெழுத்திட்டவள் அவள்தான். அது அவனுக்கும் தெரியும்.

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். குரல் தாழ்ந்திருந்தது.

"வரும்போதே நம்பர் இல்ல, நீங்கதான் கவனிக்காம விட்டுட்டீங்கன்னு எழுதுங்க அண்ணி. உங்களை யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க."