விடத்தலைக்குள் ஒரு பகல்

கியூபாவில் அதை மராபு என்பார்கள். நம் விடத்தலை முள்தான். பாதி ரோஜா நிறமும் பாதி மஞ்சளுமாகக் குஞ்சம் குஞ்சமாய்ப் பூக்கும். நெரெய்தாவின் கரும்பு நிலம் முழுவதையும் அது விழுங்கியிருந்தது. அவள் புருஷன் எலியேசர் ஹவானாவுக்கு வேலைக்குப் போய் வெகுகாலம் திரும்பவில்லை. திரும்பியபோது அவள் கதவைத் திறக்கவில்லை. அவன் ஊர் எல்லையில் குடிசை போட்டு, அதே முள்ளை வெட்டிக் கரி சுட்டுப் பிழைத்தான். இருவருக்கும் பேச்சு இல்லை.

அன்று காலை அவளுடைய பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு புதருக்குள் ஓடியது. நெரெய்தா குனிந்து போனாள், பிறகு ஊர்ந்து போனாள். பன்றியின் சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்தாள். வந்த வழி தெரியவில்லை. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் முள் துணியைப் பிடித்தது. கூந்தல் ஒரு கிளையில் மாட்டித் தலையை அசைக்கவே முடியவில்லை. மூச்சை இழுத்தால் விலாவில் குத்தியது. தொண்டை வறளும்வரை கத்தினாள்.

உச்சிப்பொழுது சாய்ந்தபின் தூரத்தில் வெட்டுக்கத்தி விழும் சத்தம் கேட்டது.

"யாரது?"

"நான்தான். உன் பன்னி என் கரிமேட்டுல வந்து நிக்குது. நீ எங்க இருக்க?"

எலியேசரின் குரல். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பேசாட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது? திட்டவாவது செய்."

"நாசமாப் போறவனே."

"ஆங், இன்னும் கொஞ்சம்."

"நீ போனதாலதான்யா இந்த முள்ளு என் வாசல்வரைக்கும் வந்துச்சு. எங்கப்பா செத்தப்பக்கூட நீ வரல."

கத்திச் சத்தம் நின்றது.

"பஸ்ஸுக்குப் போய் நின்னேன். ஏறல."

"ஏன்?"

"உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

நெரெய்தாவுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்க முள் விடவில்லை.

"பேசு நெரெய்தா, வழி தவறுது."

குரல் கம்மும்வரை பேசினாள். பாதி வசவு. மீதி, அப்பாவின் கடைசி நாட்கள். அவன் வந்து சேர்ந்தபோது முகமெல்லாம் கீறல். முதலில் தண்ணீர் கொடுத்தான்.

"முடிய வெட்டணும்."

"வெட்டு."

இருட்டுவதற்குள் ஊர்ந்து வெளியே வந்தார்கள். வாசலில் எலியேசர் தயங்கி நின்றான்.

"நாளைக்கு வந்து வீட்டுப் பக்கம் வெட்டட்டுமா?"

"மறுபடி முளைக்கும்."

"முளைக்கும்தான்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். படுத்தபின்னும் முள் சுற்றி நிற்பது போலவே இருந்தது.

விடிந்ததும் கத்திச் சத்தம் கேட்டது. வெகுநேரம் படுத்தே கேட்டாள். பிறகு எழுந்து வந்தாள்.

"அங்க இல்ல. முதல்ல கிணத்துப் பக்கம் வெட்டு" என்றாள்.