உட்கார்ந்தே தூங்கியவள்

பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மத்தியானத் தூக்கம் தூங்குவதைப் பார்த்த அன்று மந்திரமூர்த்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குத்துக்கல்வலசை வயலில் உரம் போட்டுவிட்டு வந்தவன், மண்வெட்டியைக்கூட இறக்கிவைக்காமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவள் தலை படிந்திருந்த அதே இடத்தில்தான் ஐந்து வருஷத்துக்கு முன்பு அவளுடைய அக்கா மூக்கம்மாளின் தலையும் படிந்திருந்தது. அந்த எண்ணெய்க் கறையின் மேல் பொங்கல்தோறும் அவன் சுண்ணாம்பு அடிப்பான். சித்திரை பிறப்பதற்குள் கறை மறுபடியும் மேலே வந்துவிடும்.

மூக்கம்மாள் அவனுடைய முதல் சம்சாரம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கடைசி மூன்று மாதமும் உட்கார்ந்தே தூங்கினாள். 1958இல், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு செத்துப்போனாள். மறுவருஷம் அவள் தங்கச்சியையே அவனுக்குக் கட்டிவைத்தார்கள்.

யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அவனிடம் இருந்தது. மூக்கம்மாள் உண்டாவதற்குக் கொஞ்சம் முன்பு, சாரலுக்குக் குற்றாலம் வந்து பங்களாவில் தங்கியிருந்த மதராஸ் டாக்டர் ஒருவர் அவளைச் சோதித்துப் பார்த்திருந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி அவன் கையில் கொடுத்தார். பிள்ளை உண்டாவதற்கு முன்பே போய்விட வேண்டும் என்றும் சொன்னார். தென்காசியில் ஒரு வாத்தியார் கடிதத்தைப் படித்துப் பார்த்து, நெஞ்சைத் திறந்து இருதயத்தில் ஆபரேஷன் செய்வார்களாம் என்றார். நெஞ்சைக் கீறினால் எவள் பிழைப்பாள் என்று மந்திரமூர்த்தி பயந்துபோனான். டானிக் குடித்தால் போதுமாம் என்று மூக்கம்மாளிடம் சொன்னான். அவள் கருமாதி முடிந்த அன்று கடிதத்தை அடுப்பில் போட்டான்.

ஆனால் அவள் மூச்சு அவனை விடவில்லை. பட்டப்பகலில் மடை திறக்கப் போனால் வாய்க்கால் ஓரத்தில் கேட்கும். சாரல் ஓட்டில் இறங்கும்போது, அதற்கு அடியில் கேட்கும். இழுத்து, நடுவில் நின்று, பாதியாக வெளியே வரும் மூச்சு. திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். இப்போது பேச்சித்தாய்க்கும் மூச்சு வாங்கத் தொடங்கியதிலிருந்து, எது இருப்பவளுடையது, எது போனவளுடையது என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

மறுநாளே அவளைத் தென்காசியில் டாக்டர் மசூத் என்பவரிடம் கூட்டிப்போனான். டாக்டர் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். சின்ன வயதில் மூட்டுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று விசாரித்தார். தனக்கும் அக்காவுக்கும் ஒரே மழைக்காலத்தில் வந்தது என்றாள் பேச்சித்தாய். டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். இருதயத்தின் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு கதவு இருக்கிறது. அந்தக் காய்ச்சலில் கதவின் ஓரங்கள் ஒட்டிப்போய்விட்டன. இரண்டு விரல் போகவேண்டிய வழியில் இப்போது ஒரு பென்சில் போவதே பெரிது.

"மடை அடைச்சுக்கிட்டா மேல் வயல்ல தண்ணி கட்டும்லா, அந்த மாதிரி" என்று மந்திரமூர்த்தியைப் பார்த்துச் சொன்னார். "ரத்தம் பின்னால தேங்கி நுரையீரல்ல கட்டுது. அதான் படுக்க முடியல."

வேலூரில் விலா எலும்பு இடுக்கில் கீறி, துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்துக்குள்ளேயே விரலை விட்டு ஒட்டினதைப் பிரித்துவிடுவார்கள் என்றார். பிழைக்காமல் போனவர்களும் உண்டு, எழுந்து நடந்தவர்கள்தான் அதிகம் என்று ஒளிக்காமல் சொன்னார். இந்த வைத்தியம் வந்து பத்து வருஷமாகிறது, அக்காவை அப்போதே யாரிடமாவது காட்டியிருக்கலாமே என்றும் கேட்டார். பேச்சித்தாய் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

வேலூருக்குப் புறப்படுவதற்கு ஒரு மாதம் இருந்தது. சொத்தைப் பல்லில் இருக்கும் விஷம் இருதயத்துக்குப் போகும் என்று இரண்டு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். சோற்றில் உப்பு நின்றது. கீறின பிறகு சளி கட்டாமல் இருக்க, தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமவும், மூச்சை அடிவயிறு வரை இழுத்து விடவும் டாக்டர் பழக்கிக் கொடுத்தார். பேச்சித்தாய் காலையும் மாலையும் தவறாமல் அதைச் செய்தாள். அவள் எண்ணி எண்ணி மூச்சு விடும்போதெல்லாம் மந்திரமூர்த்தி எழுந்து வெளியே போய்விடுவான். அவள் நிறுத்திய பிறகும் உள்ளே இன்னொரு மூச்சு ஓடிக்கொண்டிருப்பதாக அவனுக்குப் பட்டது.

ரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டும் என்று வேலூரிலிருந்து எழுதியிருந்தார்கள். பேச்சித்தாயின் அண்ணன் இசக்கிப்பாண்டி தான் வருவதாக உடனே சொன்னான். ரத்தம் எடுத்தால் ஆள் வற்றிப்போவான் என்று பயந்து மற்றச் சொந்தக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஐந்தருவியைப் பார்க்கவேண்டும் என்று பேச்சித்தாய் ஆசைப்பட்டாள். குளிக்கக் கூடாது என்பதால் இருவரும் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். தண்ணீர்ப் புகை முகத்தில் படிந்துகொண்டிருந்தது. அத்தனை இரைச்சலிலும் அவன் காதுக்கு அந்த மூச்சு தப்பவில்லை.

"அத்தான், டாக்டர் வீட்டுக்குப் போய் வந்ததுல இருந்து ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிய?" என்று கேட்டாள்.

அவன் சொல்லிவிட்டான். பங்களா டாக்டர், கடிதம், டானிக், அடுப்பு எல்லாவற்றையும். அவள் முந்தானையால் முகத்து ஈரத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏட்டி, டாக்டர் வேற ஒண்ணும் சொல்லலையான்னு அக்கா எங்கிட்ட மூணு தடவ கேட்டா. அத்தான் பொய் சொல்லுவாகளான்னு நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்."

அவன் அழுதான். அவள் தேற்றவில்லை.

"பயந்துபோய்த்தான் மறைச்சிய, அது எனக்குத் தெரியுது. ஆனா பயம் உங்களுக்கு, உசுரு அவளுக்குல்லா. வேலூர்ல ஆபரேஷனுக்குக் கையெழுத்த அண்ணன் போடட்டும். நீங்க ரத்தம் மட்டும் குடுங்க."

அங்கே அப்படித்தான் நடந்தது. புருஷன் இருக்க அண்ணன் எதற்கு என்று நர்ஸ் கேட்டபோது, பேச்சித்தாய் தனக்கு அப்படித்தான் இஷ்டம் என்றாள். இசக்கிப்பாண்டி ஒன்றும் புரியாமல் காகிதத்தில் பேரெழுதினான். மந்திரமூர்த்தி கையை நீட்டிப் படுத்து, குழாயில் தன் ரத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது அவள் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு அவனையும் ஒரு தடவை பார்த்தாள்.

மத்தியானம் வெளியே வந்த வேலூர் டாக்டர், கதவு நன்றாகத் திறந்துகொண்டது என்றார்.

நாலாம் நாள் அவள் படுக்கையில் மல்லாந்து படுத்திருந்தாள். முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. தலையணையை விலாவில் அணைத்து இரண்டு தடவை இருமிவிட்டுச் சொன்னாள்.

"அண்ணங்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா அது கோள் சொன்ன மாதிரி ஆயிரும்."

இசக்கிப்பாண்டி வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான். மந்திரமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னான். இசக்கிப்பாண்டி எழுந்து குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகத்தைக் கழுவினான். திரும்பி வந்து, நின்றபடியே பேசினான்.

"தங்கச்சியக் கொண்டுபோய் ஊர்ல சேத்துருவேன். அதுக்குப் பொறவு உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன், மாப்ள."

சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான். பேச்சித்தாய் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோகும் அளவுக்குத் தேறினாள். மந்திரமூர்த்தியோடு பேசினாள், சிரித்தாள். ஆனால் அக்கா பேச்சு வந்தால் எழுந்துபோய்விடுவாள். சாரல் வந்தால் அவன் காதில் அந்த மூச்சு இருந்துகொண்டுதான் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அதனிடமிருந்து ஓடவும் இல்லை.

1966இல் அவர்களுக்குப் பெண் பிறந்தது. காது குத்த மாமன் மடி வேண்டும் என்று பேச்சித்தாய் ஆள்விட்டாள். வீட்டுக்கு வரமாட்டேன், தென்காசிக் கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பினான் இசக்கிப்பாண்டி. வந்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். என்ன பேர் வைத்திருக்கிறது என்று தங்கச்சியிடம் கேட்டான்.

மூக்கம்மாள் என்றாள் பேச்சித்தாய்.

அவன் தலையை நிமிர்த்தி, மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக மந்திரமூர்த்தியைப் பார்த்தான். தட்டான் ஊசியை எடுத்ததும் பிள்ளையின் தலை அசையாதபடி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.